எஃகில் காந்தம் கசிகிறதா, வழிகிறதா? – ஒரு கலைச்சொல் விவாதம்

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர், தண்டையார்பேட்டை
திங்கள், இரவு 9.40
பொருள்: வெள்ளிக்கிழமைக்குள் சொற்கள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டில் நான்காம் பாடம் மட்டும் பாக்கி. "காந்தப்புலத்தை அளந்து எஃகின் சேதத்தை அறிதல்" என்பது தலைப்பு. படிக்கப்போகிற பிள்ளைகள் துறைமுக கிரேன்களுக்கும் மணலி தொட்டிகளுக்கும் காசிமேட்டு வின்ச்சுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மொழிபெயர்த்து வந்த வரைவில் பல இடங்களில் மூன்று முறைகளுக்கும் "காந்தச் சோதனை" என்ற ஒரே பெயர்; தனித்தனிப் பெயர் வரும் இடங்களிலும் பெயர் சரியில்லை. அதுதான் சிக்கல். மூன்றும் வேறு வேறு.

முதலாவது, பொடி தூவிப் பார்ப்பது. யோக்கை (இரண்டு கால் ஊன்றி நிற்கும் காந்தக் கருவி) வைத்துக் காந்தமேற்றி, இரும்புப் பொடி கலந்த மையைத் தெளித்தால் விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். இதற்குக் "காந்தத்துகள் சோதனை" என்று பழகிய பெயர் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எம்.எஃப்.எல். (மேக்னடிக் ஃபிளக்ஸ் லீக்கேஜ்). வலுவான காந்தத்தால் எஃகை நிறைத்து, பரப்பை விட்டு வெளியே வரும் புலத்தை உணரிகளால் அளப்பது. வடம், குழாய், தொட்டித் தரை எல்லாவற்றுக்கும் இதுதான். வரைவில் "காந்தக் கசிவு" என்று இருக்கிறது.

மூன்றாவது, எம்.எம்.எம். (மெட்டல் மேக்னடிக் மெமரி). இதில் நாம் காந்தமே ஏற்றுவதில்லை. பளு தாங்கித் தாங்கி எஃகு தானாகக் கொண்டிருக்கும் மெல்லிய புலத்தைப் படிப்பது. வரைவில் "உலோகக் காந்த நினைவு".

பெயர் குழம்பினால் வேலையும் குழம்பும். மூன்றாம் முறையில் படிக்க வேண்டிய உத்தரத்தில் ஒருவன் முதலில் யோக்கை வைத்துவிட்டால் எஃகில் இருந்த பதிவு அழிந்துவிடும். அதன்பிறகு அளப்பது நாம் ஏற்றிய காந்தத்தைத்தான். ஆகவே "காந்தம் ஏற்றிப் பார்", "ஏற்றாமல் பார்" என்கிற வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

—

அனுப்புநர்: கிரேன் பராமரிப்பு, இராயபுரம்
திங்கள், இரவு 10.25
பொருள்: மறு: வெள்ளிக்கிழமைக்குள் சொற்கள் வேண்டும்

வடத்தில் எம்.எஃப்.எல். எப்படி நடக்கிறது என்பதை முதலில் எழுதுகிறேன். வேலை தெரிந்தால் பெயர் தானாக வரும்.

சோதனைத் தலை இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே நிலைக்காந்தங்கள். வடத்தைச் சுற்றி மூடுவார்கள். மூடும்போது கவனம் வேண்டும், இரண்டு பாதியும் ஒன்றையொன்று இழுத்து அறையும், இடையில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து மெல்ல விட வேண்டும். இதயமுடுக்கி வைத்திருப்பவர் அருகில் நிற்கக் கூடாது. இந்த இரண்டு வரியும் பாடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

வடத்தில் கட்டிப்போன கிரீஸையும் உப்பையும் முதலில் துடைக்க வேண்டும். நம் பக்கம் கடற்காற்று. வெளிப்புரி பளபளப்பாக இருக்கும், உள்ளே திரி பக்கம் துரு தின்றிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கருவியே. தலை ஓர் இடத்தில் நிற்க, வடம் சீரான வேகத்தில் அதன் வழியே ஓட வேண்டும். கம்பிச்சுருள் உணரி என்றால் வேகம் மாறினாலே குறிப்பின் உயரமும் மாறும். புலத்தை நேரடியாக அளக்கும் ஹால் உணரிக்கு அந்தத் தொல்லை குறைவு. போகும்போது ஒரு பதிவு, திரும்பும்போது ஒரு பதிவு. இரண்டிலும் ஒரே இடத்தில் குறிப்பு வந்தால் அது வடத்தில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துணுக்காக இருக்கலாம். தலையைத் திறந்து துடைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

தாளில் இரண்டு கோடு வரும். ஒன்று வடத்தின் உலோகப் பரப்பு மொத்தமாக எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும். மற்றது அறுந்த இழை, குழி போன்றவற்றை அந்தந்த இடத்தில் முள்போலக் காட்டும். எங்கள் ஆட்கள் முதலாவதை "ரோப்பு மெலிஞ்சிருக்கு" என்பார்கள், இரண்டாவதை "இழை போயிருக்கு" என்பார்கள். "உலோகப் பரப்பிழப்பு விழுக்காட்டு வரைகோடு" என்று வரைவில் இருப்பதை எடுத்துவிட்டு "மெலிவுக் கோடு" என்று போடுங்கள். மற்றதற்கு "இடக்குறைக் கோடு" போதும். அறுந்த இழை மட்டும் அதில் வருவதில்லை, துருக்குழியும் வரும். ஆகவே "அறவுக் கோடு" என்று எழுத வேண்டாம்.

மெலிவு என்பது எதை ஒப்பிட்டு மெலிவு? புது வடம் மாட்டியதும் எடுத்த முதல் பதிவை ஒப்பிட்டு. அந்தப் பதிவு இல்லையென்றால் அதே வடத்தில் தேயாத பகுதியை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அது அவ்வளவு நம்பகமில்லை. அளவைச் சரிபார்க்க, தெரிந்த பருமனுள்ள கம்பி ஒன்றை வடத்தோடு சேர்த்துத் தலைக்குள் வைத்துப் பார்ப்போம். 300 சதுர மில்லிமீட்டர் உலோகப் பரப்புள்ள வடத்தில் 2 மி.மீ. கம்பி ஒன்று 3.14 சதுர மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 1 விழுக்காடு. கோடு அந்த அளவுக்கு ஏறினால் கருவி சரி.

இன்னொன்று. வடம் கொக்கியிலோ டிரம்மிலோ கட்டப்பட்டிருக்கும் முனைக்குத் தலை போகாது. இழை அறுவது பெரும்பாலும் அங்கேயும் கப்பி மேல் ஏறி இறங்கும் இடத்திலும்தான். அங்கே கண்ணும் கையும்தான். கிரேன் வடங்களுக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4309 சொல்கிறபடி, வட விட்டத்தின் 6 மடங்கு நீளத்திலும் 30 மடங்கு நீளத்திலும் வெளியே தெரியும் அறுந்த இழைகளை எண்ண வேண்டும். கருவி வந்துவிட்டது என்று எண்ணுவதை விட்டுவிடக் கூடாது.

—

அனுப்புநர்: தமிழாசிரியர், திருவொற்றியூர்
செவ்வாய், காலை 6.10
பொருள்: காந்தம், பாயம், கசிவு

அன்பர்களே,

இராயபுரத்து நண்பரின் "மெலிவு" நெஞ்சைத் தொட்டது. மெலிவு, வலிவு, மெலித்தல், நலிதல் என்று ஒரு குடும்பமே இருக்க, பரப்பிழப்பு எதற்கு? "இழை", "புரி", "திரி", "வடம்" நான்கும் நம் பழஞ்சொற்கள். கயிறு திரிப்பவர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு கம்பி இழை, இழைகள் முறுக்கியது புரி, நடுவில் இருப்பது திரி, புரிகள் சேர்ந்தது வடம். முப்புரி நூல் என்கிறோமே, அதே புரிதான்.

"காந்தம்" பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அயஸ்காந்தம் என்னும் வடசொல்லின் கடைப்பாதி என்று அகராதிகள் சொல்கின்றன. காந்துதல் என்னும் நம் வினையிலிருந்து பிறந்திருக்கலாமே என்று நான் நெடுநாளாகக் கருதி வருகிறேன். வயிறு காந்துகிறது, அடுப்பு காந்துகிறது என்கிறோம். உள்ளிருந்து வெளியே தாக்கும் ஆற்றல் என்பதே அதன் வேர்ப்பொருள். சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா "காந்தம் கண்ட பசாசத்து அவையே" என்று முடிகிறது. பசாசம் என்றால் இரும்பு. காந்தத்தின் முன் இரும்பு இயங்குவதுபோல உயிர்கள் அருளின் முன் இயங்கும் என்பது கருத்து. காந்தத்துக்கு முன் இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று எழுநூறு ஆண்டுக்கு முன்பே உவமை சொல்லப் பழகியிருந்த மொழி இது. நான்காம் பாடத்தின் தலைப்பில் "பசாசம்" என்ற சொல்லை மீட்டால் என்ன?

எஃகின் வழியே காந்தம் பாய்வதை (ஃபிளக்ஸ்) "பாயம்" என்பது நல்ல ஆக்கம். பாய் பாயம் ஆயிற்று, ஆய் ஆயம் ஆனதுபோல. "கசிவு" எனக்கு உடன்பாடே. கசிதல் என்பது மெல்ல ஊறி வெளிப்படுதல்.

—

அனுப்புநர்: தொட்டி ஆய்வாளர், மணலி
செவ்வாய், காலை 8.55
பொருள்: "கசிவு" வேண்டவே வேண்டாம்

ஐயா, பசாசம் என்று எழுதினால் பிள்ளைகள் பிசாசு என்று படிப்பார்கள். அதை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை "கசிவு".

எண்ணெய்த் தொட்டி வளாகத்தில் கசிவு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பொருள் வெளியே போகிறது, வேலையை நிறுத்து, ஆட்களை வெளியேற்று. வாக்கி டாக்கியில் "ஏழாம் தொட்டித் தரையில் மூன்று இடத்தில் கசிவு" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் கேட்பவர் என்ன செய்வார்? அவர் சொல்ல வந்தது, காலியாகித் துடைத்து வைத்த தொட்டியின் தரைத் தகட்டில் மூன்று இடத்தில் உணரி குறிப்புக் காட்டுகிறது என்பது. தகடு ஓட்டையே இல்லாமல் இருக்கலாம்.

ஆங்கிலத்திலும் லீக்கேஜ் என்றுதானே இருக்கிறது என்பீர்கள். அங்கே அது எம்.எஃப்.எல். என்ற மூன்றெழுத்தாகிவிட்டது, யாரும் விரித்துச் சொல்வதில்லை. தமிழில் நாம் விரித்துத்தான் சொல்லப் போகிறோம்.

தரைச் சோதனையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் இது தவறாக இருக்கிறது. வருடி என்பது சக்கரம் வைத்த வண்டி. முன்னும் பின்னும் காந்தத் துருவம், நடுவில் வரிசையாக ஹால் உணரிகள். தகட்டில் 40 விழுக்காடு ஆழத்தில் ஒரு குழி இருந்தால் குறிப்பு வரும். ஆனால் குறிப்பின் உயரம் ஆழத்தை மட்டும் சொல்லாது. அகலமான ஆழமில்லாத குழியும் குறுகலான ஆழமான குழியும் ஒரே உயரக் குறிப்பைத் தரலாம். மேற்பக்கமா அடிப்பக்கமா என்றும் சாதாரண வருடி சொல்லாது. ஆகவே குறிப்பு வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிட்டு, மீயொலி மானியால் மீதத் தடிமனை அளந்த பிறகுதான் "துரு, மீதம் 3.8 மி.மீ." என்று எழுதலாம். வரைவில் "வருடி தடிமனை அளக்கும்" என்று இருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

அளவீட்டுத் தகடு, சோதிக்கும் தரையின் அதே தடிமனிலும் அதே வகை எஃகிலும் இருக்க வேண்டும். 6 மி.மீ. தகட்டில் சரிபார்த்துவிட்டு 10 மி.மீ. தரையில் ஓட்டினால் காந்தம் நிறையாது, குழி இருந்தும் கோடு அசையாது. பற்றவைப்பில் தெறித்த உருண்டைகளைச் சீவ வேண்டும், வண்டி அதில் ஏறிக் குதித்தால் பொய்க் குறிப்பு. சுவரோரத்துக்கும் மேலடுக்குப் பற்றவைப்பின் விளிம்புக்கும் வண்டி போகாது. அந்தப் பட்டையைக் கையால் அளக்க வேண்டும்.

உணரிக்கும் தகட்டுக்கும் உள்ள தொலைவை வரைவு "தூக்கல்" என்கிறது. கிரேன் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் தூக்கல் என்றால் பாரம். "உணரி இடைவெளி" என்று தெளிவாகப் போடுங்கள்.

—

அனுப்புநர்: இயற்பியல் விரிவுரையாளர், வியாசர்பாடி
செவ்வாய், மாலை 4.30
பொருள்: கசிவு தவறு, காரணம் வேறு

மணலித் தோழியின் முடிவை ஏற்கிறேன். என் காரணம் இயற்பியல்.

கசிவு என்றால் ஓட்டை வழியே ஊறுவது. இங்கே நடப்பது அதுவன்று. வாய்க்காலில் பாதி அளவு தண்ணீர் ஓடும்போது நடுவில் ஒரு கல்லைப் போட்டால், தண்ணீர் கல்லின் பக்கமாக ஒதுங்கிப் போய்விடும், கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதே வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து ஓடும்போது கல்லைப் போட்டால் கரை மேல் வழியும். எஃகும் அப்படித்தான். குறைவாகக் காந்தமேற்றினால் குழிக்குக் கீழே மிஞ்சியிருக்கும் உலோகம் பாயம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய 1.6 முதல் 1.8 டெஸ்லா வரை ஏற்றித் தெவிட்டும் நிலைக்குக் கொண்டுபோனால், மிஞ்சிய உலோகத்தின் உட்புகுதிறன் (பாயத்தை உள்ளே விடும் திறன்) சரிந்துவிடும். இடம் போதாமல் பாயம் காற்றுக்குள் வளைந்து, குழியைத் தாண்டி மறுபடி உள்ளே இறங்கும். அந்த வளைவைத்தான் உணரி பிடிக்கிறது.

ஆகவே சரியான வினை "வழிதல்". பாயவழிவு, பாயவழிவுச் சோதனை. இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போதே ஏன் காந்தத்தை நிறைக்க வேண்டும் என்பதும் பிள்ளைக்குப் புரிந்துவிடும். 10 மி.மீ. தரையில் குழி ஏன் தெரியவில்லை என்று மணலியில் சொன்னார்களே, அதற்கும் இதே விடைதான்: வாய்க்கால் நிறையவில்லை.

தலைப்பில் காந்தத்தின் வேர்ச்சொல் ஆராய்ச்சியை இந்த வாரம் நிறுத்திவைப்போம் என்று ஐயாவை வேண்டுகிறேன். காந்தப்புலம், காந்தப்பாயம் இரண்டும் பள்ளிப் புத்தகத்தில் நிலைத்துவிட்டன.

—

அனுப்புநர்: தொட்டி ஆய்வாளர், மணலி
செவ்வாய், மாலை 5.05
பொருள்: மறு: கசிவு தவறு, காரணம் வேறு

விளக்கம் அருமை. ஆனால் தொட்டிக்காரருக்கு "வழிந்தது" என்பது கசிவைவிட மோசமான செய்தி. நிரப்பும்போது கவனிக்காமல் விட்டு மேலே பொங்கி ஊற்றினால்தான் தொட்டி வழிந்தது என்போம். இரண்டும் வேண்டாம்.

—

அனுப்புநர்: தமிழாசிரியர், திருவொற்றியூர்
புதன், காலை 5.50
பொருள்: அகப்பாயம், புறப்பாயம்

அம்மையாரின் தடையை இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். நீர்ப்பொருளின் வினை எதை எடுத்தாலும் தொட்டியில் முட்டுகிறது. கசிதல், வழிதல், ஒழுகல், ஊறல், பீறிடல் எல்லாமே அப்படித்தான். எனவே வினையை விட்டு இடத்தைப் பிடிப்போம். எஃகுக்குள் இருப்பது அகப்பாயம். வெளியே வந்தது புறப்பாயம். அகப்பொருள், புறப்பொருள் என்று பயின்றவனுக்கு விளக்கமே வேண்டாம். "புறப்பாயச் சோதனை": சொல் குறுகியது, சந்தி இயல்பானது, வாக்கி டாக்கியிலும் யாரையும் ஓடவைக்காது.

பாயம் என்றதும் பாயிரம் நினைவுக்கு வருகிறது. நூலின் முன் பரந்து நிற்பதால் பாயிரம் என்றொரு கருத்து உண்டு. பா, பாய், பாவு, பரவு என்று விரியும் வேரைத் தனி மடலில் எழுதுகிறேன்.

—

அனுப்புநர்: இயற்பியல் விரிவுரையாளர், வியாசர்பாடி
புதன், காலை 9.15
பொருள்: மறு: அகப்பாயம், புறப்பாயம்

அழகான இணை. ஆனாலும் ஒரு தடை. குறையே இல்லாத எஃகிலும் வெளியே கொஞ்சம் புலம் இருக்கும். துருவங்களுக்கு அருகில் இருக்கும், வடத்தின் புரி முறுக்குக்கு ஏற்ப ஏறி இறங்கியபடியும் இருக்கும். பதிவுத் தாளில் சீரான அலைபோலத் தெரிகிறதே, அதுதான். அதுவும் புறப்பாயம்தான். நாம் தேடுவது குறையால் வெளியேறியதை மட்டும். "புறம்" என்ற சொல் அந்த வேறுபாட்டைக் காட்டாது. கசிவும் வழிவும் "இருக்கக் கூடாத இடத்துக்குப் போனது" என்பதைக் காட்டுகின்றன.

—

அனுப்புநர்: பற்றவைப்பு ஆய்வாளர், எண்ணூர்
புதன், பகல் 1.20
பொருள்: மூன்றாம் முறையை மறந்துவிட்டீர்கள்

எல்லோரும் இரண்டாம் முறையிலேயே நிற்கிறீர்கள். மாணவன் அதிகம் தவறுவது மூன்றாவதில்.

அடிப்படை பழையது. காந்தமேற்றினால் இரும்பின் நீளம் மாறும் என்று 1842-இல் ஜூல் கண்டார். அதைத் திருப்பி, இழுத்தாலோ அமுக்கினாலோ காந்தத்தன்மை மாறும் என்று 1865-இல் வில்லாரி கண்டார். புவிக்காந்தப் புலத்தில் கிடந்தபடி மீண்டும் மீண்டும் பளு ஏறி இறங்கும் எஃகில், தகைவு (பளுவால் எஃகுக்குள் எழும் அழுத்தம்) குவிந்த இடத்தின் காந்தநிலை சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்டு நிற்கும். இதை ஒரு சோதனை முறையாக வளர்த்தவர் இரஷ்யாவின் தூபோவ். 2007-இல் இதற்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 24497 வந்தது. பரப்புக்குச் செங்குத்தான கூறு குறி மாறிப் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தையும் அங்கே அதன் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

நடைமுறையில் கெடுவது எங்கே? நாம் அளப்பது மிகச் சிறிய புலம். சென்னையில் புவிப்புலமே ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லாதான், மீட்டருக்குச் சுமார் 32 ஆம்பியர். அதோடு, காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடையாக, வடக்கு நோக்கிக் கிடக்கிறது. வடக்குத் தெற்காகப் போகும் கிரேன் உத்தரமும் கிழக்கு மேற்காகப் போகும் உத்தரமும் ஒரே பின்னணி அளவைக் காட்டா. ஆய்வுத் தாளில் முதல் கட்டத்தில் திசையை எழுத வேண்டும். காந்தத் தூக்கியால் தூக்கிய தகடு, நேர்மின்னோட்டப் பற்றவைப்பு நடந்த இணைப்பு, யோக் பட்ட இடம் இவை எல்லாவற்றிலும் பழைய பதிவின் மேல் புதியது ஏறியிருக்கும். ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் காந்தமேற்றாத அளவீடு, பிறகு பொடி, பிறகு தேவைப்பட்டால் மீயொலி. இந்த முறை தனித்து எதையும் முடிவு செய்யாது, எங்கே உற்றுப்பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதையும் பாடத்தில் மறைக்க வேண்டாம்.

யோக் பற்றியும் ஒரு வரி. வரைவு அதை "நுகத்தடி" என்கிறது. மாட்டுக் கழுத்தில் வைப்பது நுகத்தடி. இது இரண்டு கால் ஊன்றி நிற்பது. யோக் என்றே விடுங்கள், இல்லையென்றால் "கவைக்காந்தம்". மாறுமின்னோட்ட யோக் 4.5 கிலோவையும் நிலைக்காந்த யோக் 18.1 கிலோவையும் தூக்க வேண்டும், வேலையில் கால்களை எவ்வளவு அகட்டப் போகிறோமோ அதே அகலத்தில். ஒரே திசையில் வைத்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் பொடியைப் பிடிக்காது. யோக்கைக் குறுக்கே திருப்பி இன்னொரு முறை வைக்க வேண்டும்.

—

அனுப்புநர்: தமிழாசிரியர், திருவொற்றியூர்
புதன், மாலை 6.00
பொருள்: காந்த வடு

எண்ணூர் நண்பரின் விளக்கத்தைப் படித்ததும் சொல் கிடைத்துவிட்டது. "நினைவு" மனத்துக்கு உரியது, இரும்புக்கு மனம் ஏது? "வடு" என்க. தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவர் புண்ணையும் வடுவையும் பிரித்துக் காட்டுகிறார். பளு போன பின்னும் தங்கியிருப்பது வடு. காந்த வடு முறை. தழும்பு என்றும் சொல்லலாம், வடு குறுகியது.

—

அனுப்புநர்: பற்றவைப்பு ஆய்வாளர், எண்ணூர்
புதன், இரவு 8.45
பொருள்: மறு: காந்த வடு

மன்னிக்க வேண்டும் ஐயா, வடு புண்ணுக்குப் பின் வருவது. இந்த முறையின் பயனே புண்ணுக்கு முன் பார்ப்பதுதான். விரிசல் இன்னும் விழவில்லை, தகைவு குவிந்திருக்கிறது, அவ்வளவே. வடு என்றால் மாணவன் ஆறிப்போன பழைய விரிசல் என்று எடுத்துக்கொள்வான். எஃகில் விரிசல் ஆறுவதே இல்லை.

—

அனுப்புநர்: கிரேன் பராமரிப்பு, இராயபுரம்
புதன், இரவு 9.30
பொருள்: மறு: காந்த வடு

கயிறு இழுத்த கையைப் பாருங்கள். தோல் கிழிந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது, ஆனால் உள்ளங்கையில் சிவந்து வலிக்கும். "கை கன்னிப் போச்சு" என்பார்கள். அடுத்த இழுப்பில் அங்கேதான் தோல் உரியும். எண்ணூர்க்காரர் சொல்வது இதுதானே? கன்றியிருக்கிறது, இன்னும் கிழியவில்லை.

—

அனுப்புநர்: தமிழாசிரியர், திருவொற்றியூர்
வியாழன், காலை 5.40
பொருள்: கன்றல்!

கன்றல்! வெயிலில் முகம் கன்றுகிறது, அடிபட்ட இடம் கன்றுகிறது. புண்ணுக்கு முந்திய நிலைக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வடுவைத் திரும்பப் பெறுகிறேன். "காந்தக் கன்றல் முறை" என்று முன்மொழிகிறேன்.

—

அனுப்புநர்: இயற்பியல் விரிவுரையாளர், வியாசர்பாடி
வியாழன், காலை 10.10
பொருள்: மறு: கன்றல்!

கன்றல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கன்றியது எஃகு, காந்தம் அன்று. நாம் படிப்பது கன்றிய எஃகின் புலத்தை. "காந்தக் கன்றல்" என்றால் காந்தம் பட்டுக் கன்றியது என்று பொருள்படும், இந்த முறையில் காந்தமே படக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேலும் இந்தப் பிள்ளை நாளைக்கு வேறு எந்த நூலைத் திறந்தாலும் மெமரி என்றுதான் இருக்கும். "நினைவு" என்று படித்திருந்தால் ஒரே நொடியில் இணைத்துக்கொள்வான்.

முறையின் பெயர் "காந்த நினைவு முறை". தகைவு குவிந்த இடத்தின் பெயர் "கன்றிய இடம்". பாடநூலில் "தகைவுச் செறிவிடம்" என்றும் ஒருமுறை எழுதிவிடலாம். இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டும் பிழைக்கும்.

—

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர், தண்டையார்பேட்டை
வியாழன், இரவு 11.20
பொருள்: நாளை அச்சுக்குப் போவது

எல்லோருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்து இப்படி முடிவு செய்திருக்கிறேன்.

மூன்றாம் முறை "காந்த நினைவு முறை", உள்ளே "கன்றிய இடம்". இதில் பெரும்பாலோர் உடன்பட்டுவிட்டார்கள். பாடத்தில் மூன்றாம் முறையை முதலுக்குக் கொண்டுவந்துவிட்டேன், வேலையில் எது முதலில் நடக்க வேண்டுமோ அந்த வரிசையில். ஒவ்வொரு முறையின் தலைப்புக்குக் கீழும் "காந்தம் ஏற்றாமல்", "காந்தம் ஏற்றி" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

மெலிவுக் கோடு, இடக்குறைக் கோடு, உணரி இடைவெளி, வருடி நான்கும் ஏற்கப்பட்டன. யோக் யோக்காகவே இருக்கும்.

இரண்டாம் முறைக்குக் கசிவை ஐந்து பேரும் வழிவை இரண்டு பேரும் புறப்பாயத்தை மூன்று பேரும் கேட்டார்கள். "பாயக்கசிவு" என்று ஒரே சொல்லாகப் போடுகிறேன். "கசிவு" என்று தனியாக எங்கும் வராது, வடப் பகுதியிலும் வராது. விரிவுரையாளரின் வாய்க்கால் விளக்கம் பெட்டிச் செய்தியாக வருகிறது, "வழிகிறது" என்ற வினையோடு.

—

அனுப்புநர்: தொட்டி ஆய்வாளர், மணலி
வெள்ளி, காலை 7.05
பொருள்: மறு: நாளை அச்சுக்குப் போவது

பெரும்பான்மையை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. ஒரே சொல்லாக எழுதினாலும் வாயில் வரும்போது பாயம் உதிர்ந்து கசிவு மட்டும்தான் நிற்கும். மூன்று அசையில் சொல் கிடைத்தால் யாரும் ஐந்து அசை சொல்ல மாட்டார்கள்.

தொட்டிப் பகுதியின் முதல் பக்கத்தில் இந்த ஒரு வரியையாவது சேருங்கள்: "தொட்டி வளாகத்தில் இந்தச் சோதனையின் முடிவை வாய்மொழியாகவோ வாக்கி டாக்கியிலோ சொல்லும்போது 'குறிப்பு' என்று மட்டும் சொல்லவும்; 'கசிவு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது." என் அறிக்கைகளில் நான் புறப்பாயம் என்றே எழுதுவேன்.

—

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர், தண்டையார்பேட்டை
வெள்ளி, பகல் 12.30
பொருள்: மறு: மறு: நாளை அச்சுக்குப் போவது

சேர்த்துவிட்டேன், கட்டம் கட்டி. 52-ஆம் பக்கம்.

—

அனுப்புநர்: தமிழாசிரியர், திருவொற்றியூர்
வெள்ளி, பகல் 12.50
பொருள்: 47-ஆம் பக்கம், சந்தி

மெய்ப்பில் "பாய கசிவு" என்று பிரித்து, ஒற்றும் விட்டு அடித்திருக்கிறார்கள். க் வேண்டும், இடைவெளி கூடாது. மாலைக்குள் முடிந்தால் மாற்றுங்கள். புறப்பாயத்துக்கு என் கையெழுத்தும் உண்டு என்று மணலி அம்மையாருக்குச் சொல்லுங்கள்.